மிச்சிகன் 13, ஓஹாயோ ஸ்டேட் 10: அந்தச் சனிக்கிழமைத் தோல்வி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. கொலம்பஸ் நகரின் ஓஹாயோ ஸ்டேடியத்தில் ஓஹாயோ ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி, பரம வைரியான மிச்சிகனிடம் 10-13 என்று தோற்றது. ஆட்டத்துக்கு முன் ஓஹாயோ ஸ்டேட்டின் கணக்கு 10 வெற்றி, 1 தோல்வி. தரவரிசையில் 2-ஆம் இடம். மிச்சிகனின் கணக்கு 6 வெற்றி, 5 தோல்வி. பந்தயக்காரர்கள் ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் ஓஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும் என்று வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஆட்டம் எப்படிக் கைநழுவியது என்று ரசிகர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. எழுதுபவர்கள் ஓஹாயோ ஸ்டேட் பக்கம்தான், மறைக்கவில்லை.

இந்த விளையாட்டு எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எவ்வளவு தெரிந்தால் போதும்?

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு டவுன் கிடைக்கும். மூன்றாவதிலும் முடியவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள்: தூரத்தில் இருந்தால் எதிரணியைப் பின்னுக்குத் தள்ளும் பன்ட், பக்கத்தில் இருந்தால் கம்பங்களுக்கு நடுவே அடிக்கும் ஃபீல்ட் கோல். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுனுக்கு 6 புள்ளி, அதற்குப் பின் வரும் உதைக்கு 1, ஃபீல்ட் கோலுக்கு 3. பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடலாம், அல்லது தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் வீசலாம். அந்தச் சனிக்கிழமையின் சண்டையே இந்த இரண்டில் எதைச் செய்திருக்க வேண்டும் என்பதுதான்.

புள்ளிகள் எப்படி வந்தன?

முதலில் ஓஹாயோ ஸ்டேட்டின் ஃபீல்ட் கோல், 3-0. பிறகு குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் தன் பக்கத்துக் கோட்டுக்கு அருகிலிருந்து வீசிய பந்தை மிச்சிகனின் அமீர் ஹால் பறித்து 2-யார்டு கோடு வரை கொண்டுபோனார். கலேல் மல்லிங்ஸ் உள்ளே முட்டிப் புகுந்து 3-7. டொமினிக் ஸ்வாடா 54 யார்டிலிருந்து ஒரு ஃபீல்ட் கோல், 3-10. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஹவர்ட் வீசிய 10 யார்டு பாஸை ஜெரமையா ஸ்மித் பிடித்து 10-10. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முழு இரண்டாம் பாதியும் ஸ்கோர்போர்டு அசையவில்லை. 45 விநாடி மீதமிருக்கும்போது ஸ்வாடா 21 யார்டிலிருந்து அடித்ததோடு ஆட்டம் முடிந்தது என்றே சொல்லலாம்.

தோல்விக்கு முதல் காரணம் எது?

எதிரணியின் ஆகப் பலமான இடத்தில் போய்த் திரும்பத் திரும்ப முட்டியது.

மிச்சிகனின் தடுப்பு வரிசையில் நடுவில் நின்ற இருவர் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். கிரஹாம் சுமார் 145 கிலோ, கிராண்ட் 150-க்கு மேல். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை லீகான என்எஃப்எல் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது கிரஹாம் 5-ஆவதாகவும் கிராண்ட் 13-ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். அந்த இருவர் நிற்கும் இடைவெளியை நோக்கித்தான் ஓட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஓஹாயோ ஸ்டேட்டின் மொத்தக் கணக்கு: 26 ஓட்டம், 77 யார்டு. ஒரு ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட இல்லை.

மூன்று யார்டு என்றால் என்ன கேடு? மூன்று டவுன் ஓடினால் ஒன்பது. ஒரு யார்டு குறைகிறது. முதல் டவுனில் 2 யார்டு கிடைத்தால் இரண்டாவதில் 8 வேண்டும். அதிலும் ஓடி 2 கிடைத்தால் மூன்றாவதில் 6. இப்போது பந்தை வீசத்தான் போகிறார்கள் என்பது கடைசி வரிசைப் பார்வையாளருக்கும் தெரியும், எதிரணிக்குத் தெரியாதா? (கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை பின்னால் வீழ்த்தும் சாக் இழப்பையும் ஓட்டக் கணக்கிலேயே கழிப்பார்கள். என்எஃப்எல் கணக்கோடு ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. அதைத் தள்ளிப் பார்த்தாலும் அன்றைய எண் அழகாகிவிடாது.)

இத்தனைக்கும் வெளியே நின்றவர்கள் ஸ்மித், எமெக்கா எக்பூக்கா, கார்னெல் டேட். வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் இவர்கள். நாட்டிலேயே அப்படி ஒரு ரிசீவர் கூட்டணி அந்த ஆண்டு வேறெங்கும் இல்லை என்பது எங்கள் கட்சி. வீட்டில் விருந்துச் சாப்பாடு இருக்கும்போது பழையதைத் தேடிப் போன கதை.

பயிற்சியாளர்கள் முட்டாள்கள் இல்லையே. ஏன் நடுவிலேயே ஓடினார்கள்?

இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. காரணம் இருந்தது. தவறான காரணம், ஆனால் காரணம்.

பந்து நகர்வதற்கு முன், எதிரணியில் எத்தனை பேர் நடுவில் நெருங்கி நிற்கிறார்கள் என்று எண்ணுவார்கள். லைனின் இரு ஓரங்களில் நிற்கும் டேக்கிள்களுக்கும் இடையே, பந்து நிற்கும் கோட்டிலிருந்து ஏறக்குறைய எட்டு யார்டுக்குள் நிற்பவர்கள். அந்தப் பரப்புக்குப் பெயர் பாக்ஸ். ஓடும் அணிக்கு லைன்மேன் ஐந்து பேர், லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் ஒருவர், ஆக ஆறு பேர் தடுக்க இருக்கிறார்கள். பாக்ஸில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஆள் சரி, ஓடலாம். ஏழு, எட்டு என்றால் ஒருவர் சும்மா விடப்படுவார், வீசுவது மேல். எந்த அணியும் முதலில் பார்க்கும் கணக்கு இது.

மிச்சிகனின் டிஃபன்ஸைப் பார்த்துக்கொண்ட விங்க் மார்ட்டின்டேல், ஸ்மித்தையும் எக்பூக்காவையும் ஆழத்தில் விடக் கூடாது என்று, கடைசி அரணான இரண்டு சேஃப்டிகளைப் பின்னால் நிறுத்தினார். அதனால் பாக்ஸ் காலியாகத் தெரிந்தது. கணக்கு ‘ஓடு’ என்றது. தாக்குதலை வகுத்த சிப் கெல்லியும் தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயும் ஓடவிட்டார்கள்.

கணக்கில் வராத விஷயம் ஒன்று உண்டு. ஆளுக்கு ஆள் என்பது ஒருவரை ஒருவர் தடுக்க முடிந்தால்தான் செல்லும். கிரஹாமை ஒற்றை ஆளால் தடுக்க முடியவில்லை. இரண்டு பேர் வேண்டியிருந்தது. கிராண்டுக்கும் அப்படியே. இப்படி ஆறில் நான்கு பேர் இரண்டே ஆள்களுக்குச் செலவானால், தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று பாய்ந்து வரும் லைன்பேக்கர்களை யார் மறிப்பது? மார்ட்டின்டேல் விரித்தது இந்தத் தூண்டில்தான். கபடியில் மூலையைத் திறந்துவைத்துவிட்டு ரைடரை உள்ளே வரவிடும் டிஃபன்ஸைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒருமுறை ஏமாறலாம். ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரும் ஏமாந்ததுதான் மன்னிக்க முடியாதது.

லைனில் காயங்கள் இருந்தனவே?

இருந்தன, சின்னக் காயங்களும் அல்ல. இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபர் 12-ஆம் தேதி ஆரிகன் ஆட்டத்தில் முழங்கால் காயத்தோடு அந்த சீசனையே இழந்தார். மிச்சிகன் ஆட்டத்துக்கு இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது பயிற்சியில் சென்டர் சேத் மெக்லாக்லினின் குதிகால் தசைநார் அறுந்தது. கார்டாக (சென்டருக்கும் டேக்கிளுக்கும் நடுவே நிற்பவர்) இருந்த டானவன் ஜாக்சன் டேக்கிளுக்கும், கார்டாக ஆடிக்கொண்டிருந்த கார்சன் ஹின்ஸ்மன் சென்டருக்கும் மாறினார்கள். ஐந்தில் மூன்று இடம் மாறிப்போன லைன்.

சென்டர் மாறுவதன் பாதிப்பு டிவியில் தெரியாது. பந்தை எடுத்துக் கொடுப்பது மட்டும் சென்டரின் வேலையல்ல. எதிரே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, ‘நீ அவனை எடு, நான் இவனை’ என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்பவரும் அவர்தான். அதில் அரை விநாடி தடுமாறினாலும் இரட்டைத் தடுப்பு சேர்வதற்குள் கிரஹாம் உள்ளே வந்துவிடுவார்.

ஆனால் இந்தக் காரணம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். லைன் பலவீனம் என்றால் நடுவில் ஓடுவதுதான் முதலில் நிற்க வேண்டும். ஆழமாக வீச நேரம் கிடைக்காது என்பது சரி. அதற்குத்தான் இரண்டு விநாடிக்குள் கையை விட்டுப் போகும் குட்டைப் பாஸ்கள் இருக்கின்றன. ஸ்லான்ட், ஹிட்ச், ஸ்கிரீன். காயங்களைச் சொல்லி ஓட்டத்தை நியாயப்படுத்த முடியாது.

கிக்கர் இரண்டு தவறவிட்டார். மூன்று புள்ளியில்தானே தோற்றோம்?

ஜேடன் ஃபீல்டிங் தவறவிட்டவை 34 யார்டு, 38 யார்டு. இரண்டும் போக வேண்டிய தூரங்கள்தான். ஒன்று போயிருந்தால் சமன், இரண்டும் போயிருந்தால் வெற்றி. இந்தக் கணக்கில் தப்பில்லை, கிக்கர் பழியில் பங்கு உண்டு.

ஆனாலும் தூரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஃபீல்ட் கோலின் தூரம் என்பது பந்து நிற்கும் கோட்டோடு சுமார் 17 யார்டு சேர்த்தது: கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள என்ட் சோன் 10, ஸ்னாப் (சென்டர் பின்னுக்குத் தரும் பந்து) பின்னால் போகும் 7. ஆக அந்த இரண்டு முறையும் பந்து 17-யார்டு, 21-யார்டு கோடுகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. அவ்வளவு தூரம் போய்விட்டு உள்ளே போக முடியவில்லை. நான்காவது டவுனில் தவறியதை மட்டும் பார்க்கிறோம், அதற்கு முந்தைய மூன்று டவுனை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. கம்பங்களுக்கு இடையே அகலம் 18 அடி 6 அங்குலம். நேர் நடுவில் நின்று பார்த்தால் 21 யார்டில் அந்தத் திறப்பு சுமார் 17 பாகை. 34 யார்டில் சுமார் 10. 54 யார்டில் ஏறக்குறைய ஆறரை. அது நடுவில் நின்றால். ஒவ்வொரு டவுனுக்கும் பந்தை வைப்பது இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு நடுவேதான்; கல்லூரி மைதானத்தில் அவற்றுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் வெறும் பதினெட்டரை. கல்லூரி கிக்கர் ஹாஷிலிருந்து அடித்தால் கம்பத்தின் நடுவிலிருந்து 20 அடி விலகி நிற்கிறார். பக்கத்தில் இருந்தால் கோணம் இன்னும் கெட்டுப்போகும். மூன்றாவது டவுனில் எந்தப் பக்கம் ஓடவிடுகிறோம் என்பதுகூட கிக்கரின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

ஹவர்ட் எப்படி ஆடினார்?

33 வீச்சில் 19 பிடிபட்டன, 175 யார்டு, ஒரு டச்டவுன், இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த வீச்சு). சுமார்தான். ஹால் பறித்த பந்து நேரடியாக ஏழு புள்ளி. நான்காவது குவார்ட்டரில் மிச்சிகனின் மக்காரி பெய்ஜ் பறித்தது, முன்னிலை எடுத்திருக்க வேண்டிய வாய்ப்பைக் கொன்றது. ஒரு வீச்சுக்கு ஐந்தே கால் யார்டு என்பது அந்த ரிசீவர்களை வைத்துக்கொண்டு வெட்கப்பட வேண்டிய எண்.

டிஃபன்ஸ் மேல் குறை சொல்லலாமா?

ரொம்பக் குறைவாக. மிச்சிகனின் மொத்த முன்னேற்றம் 234 யார்டு. குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் 16-க்கு 9, வெறும் 62 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன். அதில் ஒன்று, கோல் கோட்டருகே ஜேக் சாயர் பறித்தது. அது இல்லையென்றால் ஆட்டம் முன்னமே முடிந்திருக்கும். மிச்சிகனின் ஒரே டச்டவுனுக்கு டிஃபன்ஸ் காக்க வேண்டியிருந்தது இரண்டே யார்டு.

ஒரே ஒரு கறை கடைசியில். மூன்றாவது டவுன், 6 யார்டு தேவை, மல்லிங்ஸ் கூட்டத்துக்குள் நசுங்கியதுபோலத் தெரிந்து மறுபக்கம் வெளியே வந்து 27 யார்டு ஓடினார். அதை நிறுத்தியிருந்தால் ஸ்வாடாவுக்கு 21 யார்டு உதை கிடைத்திருக்காது. நாள் முழுக்க 32 முறை ஓடி 116 யார்டு எடுத்தவர் அவர். அதில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு அந்த ஒரே ஓட்டம்.

கடைசியில் 45 விநாடி போதாதா?

ஃபீல்ட் கோல் தூரத்துக்குப் போக 40, 45 யார்டு வேண்டும். 45 விநாடியில் நடக்காத காரியமில்லை. 2023 முதல் கல்லூரி ஆட்டத்தில் முதல் டவுன் கிடைத்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்; ஆனால் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் பழையபடி நிற்கும். ஆகவே நடுவில் பிடித்து முதல் டவுன் எடுத்தாலும் மூச்சுவிட நேரம் உண்டு. ஆனால் நாள் முழுக்க பாஸில் தாளம் பிடிக்காத அணிக்கு அவசரத்தில் மட்டும் திடீரென்று கை வராது. அதுதான் நடந்தது.

மிச்சிகன் நன்றாக ஆடியதா, நாம் மோசமாக ஆடினோமா?

இரண்டும். ரிசீவர்களைக் காவல் காக்கும் கார்னர்பேக் வில் ஜான்சன், டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லேண்ட் இருவரும் இல்லாமலே வந்தார்கள். வீச முடியாது என்று தெரிந்து 42 முறை ஓடி 172 யார்டு எடுத்தார்கள். தன் பலவீனம் என்ன என்று தெரிந்துகொண்டு ஆடிய அணி ஜெயித்தது.

ஆட்டத்தை மறுபடி பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பந்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முதல் டவுனிலும் ஸ்னாப்புக்கு முன் நிறுத்தி பாக்ஸில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், பின்னால் நிற்கும் சேஃப்டி ஒருவரா இருவரா என்று பாருங்கள். பிறகு ஓடவிட்டு 55-ஆம் எண் கிரஹாமை மட்டும் பின்தொடருங்கள்: அவர் மேல் எத்தனை பேர் இருக்கிறார்கள், கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறார்.

கூடவே ஒரு தாளில் ஒவ்வொரு டவுனுக்கும் ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று குறியுங்கள். முதல் டவுனில் தேவையானதில் பாதி கிடைத்தால் சரி. இரண்டாவதில் நூற்றுக்கு 70. மூன்றிலும் நான்கிலும் முழுசும். ஓட்டத்துக்கு ஒரு பத்தி, பாஸுக்கு ஒரு பத்தி. முதல் டவுன் ஓட்டங்களின் பத்தியை மட்டும் கூட்டினாலே போதும், வாதம் தேவைப்படாது. மொத்த யார்டு ஏமாற்றும். அன்று 252-க்கு 234 என்று ஓஹாயோ ஸ்டேட்தான் முன்னால் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் நடந்த அடிதடி?

மிச்சிகன் வீரர்கள் மைதானத்தின் நடுவே இருக்கும் ‘ஓ’ எழுத்தின் மேல் கொடியை நடப் போனார்கள், கைகலப்பானது, போலீஸ் மிளகுத் தெளிப்பான் அடித்தது. இரண்டு கல்லூரிக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம். கொடி நடுவது நமக்குப் பிடிக்காது என்றால் தோற்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரயன் டேயை அப்போதே அனுப்பியிருக்க வேண்டாமா?

அந்த வாரம் அப்படிக் கேட்காத ரசிகர் குறைவு. மிச்சிகனுக்கு எதிராக அவர் கணக்கு 1-4 ஆகியிருந்தது: 2019-இல் வென்றார், 2020 ஆட்டம் கோவிடால் ரத்து, 2021 முதல் 2024 வரை நான்கும் தோல்வி. கோபம் நியாயம். ஆனால் அந்த ஆண்டுதான் சாம்பியன்ஷிப் பிளேஆஃப் 4 அணியிலிருந்து 12 அணியாக விரிந்தது. பழைய முறையில் இந்தத் தோல்வியோடு சீசன் முடிந்திருக்கும். புதிய முறையில் ஓஹாயோ ஸ்டேட்டுக்கு 8-ஆம் இடமும், சொந்த மைதானத்தில் முதல் ஆட்டமும் கிடைத்தன.

மூன்று வாரத்தில் என்ன மாறியது?

ஆள்கள் மாறவில்லை. வரிசை மாறியது. டிசம்பர் 21-ஆம் தேதி டென்னசிக்கு எதிராக முதலில் வீசினார்கள், பிறகுதான் ஓடினார்கள். ஸ்மித்தை முதலிலேயே தேடிப் போனார்கள். முதல் குவார்ட்டரிலேயே 21-0. ஹவர்ட் அன்று 29-க்கு 24, 311 யார்டு. பாஸுக்குப் பயந்து டிஃபன்ஸ் பின்வாங்கிய பிறகு அதே லைனுக்குப் பின்னால் ஓட்டமும் வந்தது. முடிவு 42-17.

அடுத்து புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் என்ற பிளேஆஃப் ஆட்டம். அக்டோபரில் 31-32 என்று ஒரு புள்ளியில் தங்களை வென்ற ஆரிகனை 41-21 என்று அடித்தார்கள். ஸ்மித் மட்டும் 187 யார்டு. டெக்சஸை 28-14 என்று வென்றபோது சாயர் தானே பந்தைத் தட்டிவிட்டு எடுத்து 83 யார்டு ஓடினார்.

2025 ஜனவரி 20, அட்லாண்டா, நோட்ர டேமுக்கு எதிரான இறுதி ஆட்டம். பெரிய முன்னிலை கரைந்து 31-23 ஆகிவிட்டது. மூன்றாவது டவுன், 11 யார்டு தேவை. கடிகாரத்தை ஓடவைக்க நடுவில் ஓடி, பன்ட் அடிப்பதுதான் பத்திரமான வழி. நவம்பர் அணி அதைத்தான் செய்திருக்கும். ஹவர்ட் ஸ்மித்துக்கு ஆழமாக வீசினார், 56 யார்டு. அதன் பிறகு 26 விநாடி மிச்சமிருக்கையில் ஃபீல்டிங் உள்ளே வந்தார். 33 யார்டு. மிச்சிகனுக்கு எதிராகத் தவறவிட்ட 34-ஐவிட ஒரே ஒரு யார்டு பக்கம். போனது, 34-23.